குண்டன் கெட்டியாகாத நாள்

கலனின் வட்டக் கண்ணாடி ஜன்னலுக்குள் குமிழிட்டுக்கொண்டிருந்த தக்காளிக் கூழைப் பார்த்ததும் முதலாளியம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

காலையிலிருந்து கொதிக்கும் கூழ் இந்நேரம் சோம்பேறியாகியிருக்க வேண்டும். குமிழி ஒவ்வொன்றும் எழுந்து, உப்பி, உடையலாமா வேண்டாமா என்று யோசித்து, ஒரு பெருமூச்சோடு உடைய வேண்டும். இன்றைக்கோ குலுக்கின சோடா பாட்டில் மாதிரி படபடவென்று துள்ளிக்கொண்டிருந்தது.

தக்காளியை அரைத்து, தோலும் விதையும் நீக்கி, காற்றை உறிஞ்சியெடுத்த எஃகுக் கலனுக்குள் விட்டு, மிதமான சூட்டில் சுண்டவைத்து, கெட்டி விழுதாக்கி விற்கும் தொழிற்சாலை அது. தொப்பையும் குட்டைக் கால்களுமாக நிற்கும் அந்தக் கலனை எல்லோரும் 'குண்டன்' என்றுதான் சொல்வார்கள். குண்டனுக்குத் தீராப் பசி. உள்ளே கூழ் சுண்டிக் குறையக் குறைய, புதுக் கூழைத் தானே உறிஞ்சி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். வயிறு முழுக்க விழுதானதும் இறக்க வேண்டியதுதான்.

முதலாளியம்மா குழாயைத் திறந்து ஒரு துளி எடுத்தாள். கோட்டுப் பையிலிருந்து பிரிக்ஸ் மீட்டரை எடுத்து, அதன் கண்ணாடியில் துளியைத் தடவி, வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். தண்ணீர் போக மிச்சம் எவ்வளவு சத்து என்று கோடு போட்டுக் காட்டிவிடும் கருவி அது. விழுது என்றால் கோடு இருபத்தெட்டில் நிற்க வேண்டும்.

கோடு பாதி வழிகூட ஏறியிருக்கவில்லை.

"எப்ப இறக்குவீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

முதலாளியம்மா மீட்டரைச் சட்டென்று பைக்குள் போட்டாள். "இதோ... ஆயிடும் மேடம்."

"போன மாசத்துக் கணக்கைப் பாத்தா இந்நேரம் ஆயிருக்கணுமே. இன்னைக்கு ஏன் லேட்?"

ஏன்! காலையிலிருந்து அந்த அம்மாளின் வாயிலிருந்து உதிர்ந்த ஏன்களை அள்ளினால் ஒரு கூடை தேறும். விவசாயத்திலும் உணவுத் தொழிலிலும் பணம் போடும் நிறுவனத்திலிருந்து வந்தவர். வந்து இறங்கியதுமே, எடைமேடை ஏன் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது, சுவருக்கு ஏன் பச்சை வண்ணம், வாசல் நாய் ஏன் குரைக்கவில்லை என்று ஆரம்பித்துவிட்டார். முதலாளியம்மாவின் கொழுந்தன், டீ ஆறுவதற்குள் அவருக்குக் 'கேள்விக்குறி' என்று பெயர் வைத்துவிட்டான்.

கேள்விக்குறி தலையசைத்தால் இரண்டாவது குண்டன் வரும். இரண்டாவது குண்டன் வந்தால் முதலாளியம்மாவின் கணவர் கப்பலை விட்டு இறங்குவார்.

சரக்குக் கப்பலில் பெட்டிகளை அடுக்குவதை மேற்பார்வை பார்ப்பது அவர் வேலை. முதல் குண்டனே அவர் உப்புக்காற்றில் நின்று சேர்த்த காசில் வந்ததுதான். "ரெண்டாவது மெஷின் உறுதின்னா இறங்கிடறேன். இல்லேன்னா புது ஒப்பந்தம்தான். சாயந்தரம் கேப்டன் கேப்பாரு, ஒரு வார்த்தை சொல்லிடு," என்று நேற்று போனில் சொல்லியிருந்தார். புது ஒப்பந்தம் என்றால் மறுபடியும் போனில் குடித்தனம். சிக்னல் இருந்தால் கணவர், இல்லாவிட்டால் அலைச் சத்தம்.

"ஒரு நிமிஷம் மேடம். பாய்லரைப் பாத்துட்டு வந்துடறேன்."

"நானும் வரலாமா?"

"அங்க புகையா இருக்கும்..."

"புகை ஏன் வருது?"

முதலாளியம்மா அதற்குள் ஓடியே விட்டாள்.

*

பாய்லர்காரர் அடுப்பு வாயருகே ஸ்டூலில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"அண்ணே, நீராவி சரியாப் போகுதா?"

"முள்ளைப் பாரும்மா. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

நின்றது. அழுத்தம் காட்டும் முள் பச்சைக் கோட்டைவிட்டு இம்மி நகரவில்லை.

"விறகு ஈரமா?"

"ஈரமா இருந்தா முள் நிக்குமா? ஏம்மா, காலையில இருந்து நான் டீ குடிக்கக்கூட எழுந்து போகல. இன்னைக்குன்னு பாத்து என் மேலயா சந்தேகம்?"

"சந்தேகம் இல்லண்ணே. குண்டன் கெட்டியாக மாட்டேங்கறான்."

பாய்லர்காரர் குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா கண்ணு பட்டிருக்கும். கண்ணாடியையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்குது."

"கண்ணு பட்டா கூழ் கெட்டியாகாதா? வேற ஏதாவது சொல்லுங்க."

"வேற என்ன, காத்து ஒழுகுதோ என்னவோ. உள்ள காத்து புகுந்துட்டா கொதி அடங்கிடுமே."

அவள் குண்டனிடம் திரும்பி ஓடினாள். ஏணியில் ஏறி, மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தில் சோப்பு நுரையைத் தடவினாள். எங்கேயாவது ஓட்டை இருந்தால் நுரையை உள்ளே இழுக்கும். ஒரு இடத்திலும் இழுக்கவில்லை. காற்றை உறிஞ்சும் பம்ப்பைத் தொட்டுப் பார்த்தாள். வழக்கமான சூடு, வழக்கமான முனகல்.

நீராவி சரி. காற்று சரி. பிறகு எங்கே கோளாறு?

ஏணிக்குக் கீழே நின்றிருந்த கேள்விக்குறி அண்ணாந்து பார்த்தார். "சோப்பு எதுக்கு?"

"சும்மா... துடைக்கறேன் மேடம்."

"அவ்வளவு உயரத்துலயா?"

சொல்லி முடித்த கையோடு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொன்னால் இப்படித்தான், ஏணி மேல் நின்று மாட்டிக்கொள்ள நேரும்.

அவள் இறங்கிப் பின்கட்டுப் பக்கம் நடந்தாள். கதவைத் தாண்டிக் காலை வைத்ததும் சளப் என்றது. செருப்பு நனைந்தது.

தரையெல்லாம் தண்ணீர்!

குண்டனிலிருந்து எழும் ஆவி குளிர்ந்து தண்ணீராகி, பின்கட்டில் இருக்கும் சிமெண்டுத் தொட்டியில் விழும். முற்றம் கழுவ அதைத்தான் எடுப்பார்கள். தொட்டி வைத்த நாளிலிருந்து ஒருநாளும் வழிந்ததில்லை. குண்டன் விழுதை இறக்கும்போது தொட்டி முக்கால்தான் நிறைந்திருக்கும். இப்போது விளிம்பு தாண்டி நாலாபுறமும் கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஈரத்தில் நின்றபடியே யோசித்தாள். கோபம் போய், பயம் போய், சுவாரஸ்யம் மட்டும் மிச்சமாக இருந்தது.

வழக்கமாக ஒரு வயிறு விழுதுக்குப் போகும் தண்ணீரைவிட இன்று அதிகமாகவே போயிருக்கிறது. அப்படியானால் குண்டன் நோயாளி இல்லை. காலையிலிருந்து மாடாய் உழைத்திருக்கிறான். அவ்வளவு தண்ணீரை வெளியேற்றியும் உள்ளே தண்ணியாகவே இருக்கிறதென்றால்...

"அவ்வளவு தண்ணி உள்ள போயிருக்கு," என்று வாய்விட்டே சொன்னாள்.

யார் ஊற்றினார்கள்?

*

பழம் வந்து இறங்கும் முற்றத்தில் கொழுந்தன் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு லாரிகளுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றித் தக்காளி மலைமலையாகக் கிடந்தது. காலையில் அலுவலக ஜன்னல் வழியாக அந்தக் காட்சியைப் பார்த்து முதலாளியம்மாவே பெருமைப்பட்டிருந்தாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். மெழுகு பூசினது போல மினுமினுப்பு. ஒரு கீறல் கிடையாது, ஒரு வெடிப்பு கிடையாது.

கிட்டே வந்து பார்த்தபோதுதான் அந்த அழகு உறுத்தியது. அவள் தொழிற்சாலைக்கு வரும் பழம் இப்படியா இருக்கும்? பிதுங்கினதும், வெயிலில் வெடித்ததும், மூக்கு முளைத்ததும், சந்தையில் யாரும் சீந்தாததும்தானே இங்கே வரும்!

ஒரு பழத்தை எடுத்து அழுத்தினாள். பந்து மாதிரி இருந்தது. கடித்தாள். தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.

மீட்டரில் ஒரு துளி வைத்துப் பார்த்தாள். கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"டேய், இங்க வா!"

கொழுந்தன் பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தான். "எப்படி அண்ணி, நம்ம ஏற்பாடு? கேள்விக்குறி அசந்துடுச்சில்ல?"

"இது ஏதுடா பழம்?"

"நேத்து ஒவ்வொரு வீடாப் போய்ச் சொன்னேன். பெரிய இடத்துல இருந்து ஆள் வருது, இருக்கறதுலயே நல்ல பழமாக் கொண்டு வாங்கன்னு. சொல்லி வாய் மூடல, பாருங்க, ரத்தினமா இறக்கிட்டாங்க."

"இது சந்தைக்குப் போற பழம்டா! கூடையில அடுக்கி வச்சு விக்கற பழம். இதுல இருக்கறதெல்லாம் தண்ணி."

"அண்ணி, தக்காளின்னா தண்ணி இருக்கத்தானே செய்யும்?"

"வாசல்ல மீட்டர் வச்சுப் பாத்தியா?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "அதுக்குப் பழத்தை வெட்டணுமே. இவ்வளவு அழகா இருக்கறதை வெட்ட மனசு வரல அண்ணி."

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பதா அவன் காதைத் திருகுவதா என்று தெரியவில்லை. "நம்ம வழக்கமான பழம் எங்க?"

அவன் கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். ஆனால் அவன் கண் ஒரு கணம் கொட்டகைப் பக்கம் போய்த் திரும்பியதை அவள் பார்த்துவிட்டாள். அங்கே நீலத் தார்ப்பாய் போர்த்திய ஒரு குவியல். அதற்கு முன்னால் தடுப்பாக, கழுவித் துடைத்த பழைய வேன்.

"அசிங்கமா இருக்குன்னு..." என்று முணுமுணுத்தான் கொழுந்தன்.

"எது அசிங்கமா இருக்கு?"

கேட்டது முதலாளியம்மா இல்லை. இருவரும் திரும்பினார்கள். கேள்விக்குறி நனைந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு நின்றிருந்தார். பின்கட்டு வழியாகத்தான் வந்திருக்கிறார்.

கொழுந்தன் அவளுக்கு மட்டும் தெரியும்படி கண்ணால் கெஞ்சினான். வேண்டாம் அண்ணி, சொல்லாதீங்க அண்ணி.

சொல்லாமலும் விடலாம். பாய்லர் மேல் பழி போட்டால் போயிற்று. பாய்லர்காரரும் மன்னித்துவிடுவார். ஆனால், எங்கே கோளாறு என்று இவ்வளவு தூரம் துரத்திக்கொண்டு வந்துவிட்டு, கடைசிக் கதவைத் திறக்காமல் போக அவளால் முடியவில்லை. வேனைச் சுற்றிப் போய்த் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள்.

கோணல்மாணலாக, வெடித்தும் வதங்கியும், ரத்தச் சிவப்பில் ஒரு குன்று சரிந்து அவள் காலடியில் உருண்டது.

"இதுதான் மேடம் நாங்க தினமும் அரைக்கறது. இன்னைக்கு உங்களுக்காக நல்ல பழம் போட்டு மெஷினைக் குளிப்பாட்டி வச்சிருக்காங்க. அதான் லேட்."

கேள்விக்குறி குனிந்து ஒரு வெடித்த பழத்தை எடுத்தார். "அந்த மீட்டரைக் குடுங்களேன். பாக்கறேன்."

பார்த்தார். பிறகு மினுமினுப்பான பழம் ஒன்றைப் பிழிந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "ஏங்க, இது ஒரு மடங்கு, அது ஒண்ணரை மடங்கு இருக்கே!"

"இருக்கும் மேடம்."

"அப்போ இந்தக் குவியலுக்குள்ளயே ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் இருக்குமோ?"

அது நல்ல கேள்வி. முதலாளியம்மா இத்தனை நாள் குவியலைக் குவியலாகத்தான் பார்த்திருக்கிறாள். வாசலில் லாரிக்கு ஒரு பழம் வெட்டிப் பார்ப்பார்கள். மோசமில்லை என்றால் உள்ளே. பழத்துக்குப் பழம் பார்த்ததில்லை.

இரண்டு பெண்களும் குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் பிழிய, ஒருவர் பார்க்க, மீட்டர் கைமாறிக்கொண்டே இருந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, தெருவில் கோலிக்குண்டு ஆடும் இரண்டு சிறுமிகள் என்றுதான் தோன்றும்.

"இது?"

"சுமார்."

"இது?"

"சுமாருக்குக் கீழ."

"இந்தச் சுண்டைக்காய் சைஸ்ல, முகம் வெந்த மாதிரி இருக்கே, இது?"

முதலாளியம்மா கண்ணில் வைத்துப் பார்த்தாள். மீட்டரைத் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். கோடு அவள் இதுவரை சுண்டவைக்காத ஒரு பழத்தில் பார்த்திராத உயரத்தில் நின்றது.

"யார் பழம் இது?" என்று எழுந்து நின்று கத்தினாள்.

*

லாரி நிழலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குள் ஒரு சலசலப்பு. எல்லோருமாகச் சேர்ந்து ஒருவரை முன்னால் தள்ளினார்கள். உதட்டை மறைக்கும் மீசை இருந்ததால் அவருக்கு 'மீசை' என்றே பெயர்.

"என்னுதுதாம்மா. மேட்டுக்காட்டுல விளைஞ்சது. அங்க தண்ணி ஏறாது. அதான் பழம் இப்படிச் சீக்காளி மாதிரி இருக்கு. இதை ஏன் வெளிய எடுத்தீங்க? பள்ளக்காட்டுப் பழத்தைப் பாக்கலியா நீங்க? நேத்து சாயந்தரம் நிறையத் தண்ணி பாய்ச்சி, விடிஞ்சதும் பறிச்சது. என்னமா உப்பியிருக்கு பாத்தீங்களா?"

முதலாளியம்மா நெற்றியில் கை வைத்தாள். ஊற்றியது யார் என்று தெரிந்துவிட்டது.

கேள்விக்குறி முன்னால் வந்தார். "ஐயா, இன்னைக்குச் சந்தையில தக்காளி விலை ஏறியிருக்கு. வர்ற வழியில விசாரிச்சேன். அவ்வளவு நல்ல பழத்தை அங்க விக்காம ஏன் இங்க கொண்டு வந்தீங்க?"

"வீட்டுக்கு ஆள் வந்தா ஓட்டை டம்ளர்லயாம்மா தண்ணி குடுப்போம்?" என்றார் மீசை. பிறகு கொழுந்தனைப் பார்த்து, "அதோட, தம்பி ஒரு வாக்குக் குடுத்திருக்கு. ரெண்டாவது மெஷின் வந்ததும் எங்க பழம் ஒண்ணுகூடத் திரும்பிப் போகாதாம். எல்லாத்தையும் எடுத்துக்குவாங்களாம்."

கொழுந்தன் வேனுக்குப் பின்னால் மறைய இடம் தேடினான்.

கேள்விக்குறி முதலாளியம்மாவிடம் திரும்பினார். "அந்த வாக்கை உங்களால காப்பாத்த முடியுமா? இன்னொரு மெஷின் வந்தா முடியுமா?"

முடியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடலில் எங்கேயோ ஒரு மனிதர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

முதலாளியம்மா கையிலிருந்த சுண்டைக்காய்த் தக்காளியைப் பார்த்தாள். மனசுக்குள் தொட்டி வழிந்தது. தண்ணிப் பழம் போட்டால் குண்டன் இவ்வளவு தாமதம். வழக்கமான பழம் போட்டால் வழக்கமான நேரம். அப்படியென்றால் இந்தப் பழம் போட்டால்?

"முடியாது மேடம்," என்றாள்.

கொழுந்தன் "அண்ணி!" என்று அலறினான்.

"இப்ப வர்ற பழத்துக்கு இன்னும் ஒரு மெஷின் வாங்கினா, ரெண்டு மெஷினும் சேர்ந்து தண்ணியைத்தான் காய்ச்சும். விறகு தீரும். தொட்டி வழியும். அதே மேட்டுக்காட்டுப் பழம் பாதிக்குப் பாதி வந்தாக்கூட, இருக்கற ஒரு குண்டனே இப்ப இறக்கறதைவிட அதிகமா இறக்குவான். எனக்கு மொதல்ல வேண்டியது பழம். மெஷின் அப்புறம்."

சொல்லி முடித்தாயிற்று. கேட்டு வாங்க இருந்ததைத் தானே தட்டிவிட்டாயிற்று.

"மேட்டுக்காட்டுலயா? அங்க யாரு நிறைய நட்டு வைப்பா?" என்று மீசை இடைமறித்தார். "எடை நிக்காதே. பழம் சின்னது. கிலோ கணக்குல வித்தா எனக்கு நஷ்டம்தானே?"

"எடைக்கு விலை வேண்டாம். மீட்டர் காட்டறதுக்கு விலை போடறேன். கோடு ஏற ஏற விலை ஏறும். இதே மீட்டர்ல நீங்களே கண்ணை வச்சுப் பாத்துக்கலாம்."

மீசை மீட்டரை வாங்கினார். தலைகீழாகக் கண்ணில் வைத்தார். கொழுந்தன் அதை நேராக்கிக் கொடுத்தான். மேட்டுக்காட்டுப் பழத்தைப் பார்த்தார். பள்ளக்காட்டுப் பழத்தைப் பார்த்தார். மறுபடி மேட்டுக்காடு. ஒரு கையால் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அடப்பாவி," என்றார் பள்ளக்காட்டுப் பழத்திடம். "உன்னையா ராப்பகலா தாலாட்டினேன்?"

லாரி நிழலிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்து மீட்டருக்கு வரிசை கட்ட ஆரம்பித்தார்கள்.

*

கேள்விக்குறி செருப்பை வெயிலில் காயவைத்துவிட்டு, வேனின் படியில் உட்கார்ந்தார்.

"நான் போற இடமெல்லாம் மெஷின் கேப்பாங்க. இன்னும் பெரிய மெஷின் கேப்பாங்க. மெஷின் வேண்டாம்னு சொன்ன ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"வேண்டாம்னு சொல்லல மேடம். இப்ப வேண்டாம்னு சொன்னேன்."

"சரி, இப்ப வேண்டாம். அப்போ என்ன வேணும்? யோசிச்சுச் சொல்லுங்க."

"நல்ல நாத்து வேணும். சின்னப் பழமா, சதைப்பிடிப்பா வர்ற ரகம். அடுக்கிக் கொண்டு வர பெட்டி வேணும். இப்பக் குவியலாக் கொட்டி எடுத்துட்டு வர்றதுல அடியில கிடக்கறது நசுங்கி வழியிலயே ஊத்திடுது."

"வேற?"

"அவ்வளவுதான்னு நினைக்கறேன்."

"இல்லியே. நாத்தையும் பெட்டியையும் குடுத்துட்டு வந்தா, எப்பத் தண்ணியை நிறுத்தணும், எப்பப் பறிக்கணும், பெட்டியில எப்படி அடுக்கணும்னு வயல்ல நின்னு பாக்கறது யாரு? உங்க கொழுந்தனா?"

இருவரும் கொழுந்தனைப் பார்த்தார்கள். அவன் ஒரு மினுமினுப்பான தக்காளியைச் சட்டையில் துடைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"அவன் வேண்டாம்," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"ஒரு ஆளைக் கண்டுபிடிங்க. இந்த மூணையும் வச்சுக் கேட்டு எழுதுங்க, நான் அதுக்குப் பக்கபலமா நிக்கறேன். ரெண்டாவது மெஷினைப் பத்தி மேட்டுக்காடு சிவந்ததும் பேசுவோம்." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். இரண்டடி போனவர் நின்றார். "அந்த நாய் ஏன் குரைக்கலேன்னு நீங்க சொல்லவே இல்லியே?"

"அதுக்குக் காது கேக்காது மேடம்."

"அப்போ ஏன் வச்சிருக்கீங்க?"

"அது எங்களை வச்சிருக்கு."

கேள்விக்குறி அன்றைக்கு முதல்முறையாக, பதிலுக்கு மறுகேள்வி கேட்காமல் சிரித்தார்.

*

சாயந்தரம் போன் அடித்தபோது முதலாளியம்மா குண்டனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒருவழியாக உள்ளே குமிழிகள் சோம்பல் முறிக்க ஆரம்பித்திருந்தன.

"என்ன ஆச்சு? கேப்டன் பக்கத்துலயே நிக்கறாரு," என்றார் கணவர். பின்னால் அலைச் சத்தம்.

"மெஷின் வரலீங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பிறகு, "சரி விடு. அப்போ கையெழுத்துப் போட்டுடறேன்," என்றார், ஒன்றும் நடக்காதது போல.

"பேனாவைக் கீழ வைங்க மொதல்ல. முழுசாக் கேளுங்க. கப்பல்ல பெட்டி அடுக்கறப்ப அடியில இருக்கறது நசுங்காம எப்படிப் பாத்துக்குவீங்க?"

"எதுக்குக் கேக்கற?"

"சொல்லுங்களேன்."

"கனத்தைக் கீழ வைக்கணும். எடையை ஓரத்துக்குக் கடத்தணும். நடுவுல காத்துக்கு வழி விடணும். ஏன், என்ன விஷயம்?"

"காடு காடாப் போய் இதைச் சொல்லிக் குடுக்கவும், கூட நின்னு பாக்கவும் ஒரு ஆள் வேணுமாம். சம்பளம் வரும். ஆனா கப்பல்ல வர்ற அளவுக்கு வராது. கொஞ்ச நாளைக்கு இறுக்கிப் பிடிச்சுத்தான் ஓட்டணும். மேட்டுக்காடு, வெயில் மண்டையைப் பிளக்கும்."

அலைச் சத்தம். யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது. கேப்டனிடமாக இருக்கும்.

"இத்தனை வருஷம் சுத்தித் தண்ணியாவே பாத்தவன். அங்க போய் ஒரு சொட்டுத் தண்ணி இல்லாத இடத்துல நான் என்னடி பண்ணுவேன்?"

"யாரும் தண்ணி பாய்ச்சிடாமப் பாத்துக்கணும். அதுதான் வேலையே."

அவர் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது.

"அண்ணி!" என்று கொழுந்தன் ஓடி வந்தான். "குண்டன் இருபத்தெட்டைத் தொட்டுட்டான்! இறக்கலாமா?"

"இறக்கு," என்றாள் முதலாளியம்மா.

போனில் கணவர், "யாரை, என்னையா?" என்றார்.

"ரெண்டு பேரையும்தான்."